கைமரத்தில் படிந்த கரி: கென்ட் பண்ணைவீட்டைப் படிப்பதும் பழுது பார்ப்பதும்

தென்கிழக்கு இங்கிலாந்தில் பழைய பண்ணைவீடு ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வாசலில் நின்று செங்கல் முகப்பையும் அதில் படர்ந்த ரோஜாக் கொடியையும்தான் பார்ப்பார்கள். வீட்டின் வயது அங்கே எழுதியிருக்காது. ஏணி போட்டுப் பரணில் ஏறிக் கைமரங்களில் டார்ச் அடிக்க வேண்டும். மரம் முழுக்கக் கன்னங்கரேலென்று, தார் பூசியதுபோல் இறுகிய கரியோடு இருந்தால் வீடு தீப்பிடித்ததோ என்று பயப்பட வேண்டாம். புகைபோக்கி வருவதற்கு முன்பு கூடத்தின் நடுத்தரையில் எரிந்த அடுப்பின் புகை, தலைமுறை தலைமுறையாக ஏறிப் படிந்தது அது. அந்தக் கரி இருந்தால் கூரை பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தையது, பிரித்து மாற்றப்படாதது. முன்னால் தெரியும் 18-ஆம் நூற்றாண்டுச் செங்கல் அதற்குப் பிற்பாடு போட்ட சட்டைதான்.

இந்த வகைக்கு வீல்டன் வீடு என்று பெயர். கென்ட், சர்ரே, சசெக்ஸ் மாவட்டங்களுக்கு நடுவில் களிமண்ணும் ஓக் காடுமாகக் கிடக்கும் நிலப்பகுதி வீல்ட். கல் அரிது, மரம் தாராளம். அங்கே 14-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இந்த வீடுகள் எழுந்தன. கட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் யோமன் எனப்பட்ட வசதியான குடியானவர்கள். நேரில் பார்க்க மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டனிலுள்ள வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்தைவிட நல்ல இடம் இல்லை. அங்கே நிற்கும் பேலீஃப் பண்ணைவீடு கென்ட்டின் சிடிங்ஸ்டோனில் இருந்தது. போ பீச் நீர்த்தேக்கத்துக்காக அந்த நிலம் எடுக்கப்பட்டபோது 1968-69இல் சட்டம் சட்டமாகக் கழற்றிக் கொண்டுபோனார்கள். 1972இல் மறுபடி நிறுத்தினார்கள். மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில் கூடமும் கீழ்முனையும் (சாமான் அறைகள் உள்ள பக்கம்) 1405-30 வாக்கிலும், மேல்முனை (வீட்டுக்காரர் அறைகள் உள்ள பக்கம்) 1505-10 வாக்கிலும் கட்டப்பட்டவை என்று தெரிந்தது. ஒரே வீடுபோலத் தெரிவதில் நூறு வருஷ இடைவெளி.

அமைப்பு எளிமையானது. வரிசையாக நாலு அங்கணம், அதாவது தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட பகுதி. நடுவிலுள்ள இரண்டும் சேர்ந்து தரையிலிருந்து கூரைவரை திறந்த கூடம். ஒரு பக்கக் கடைசி அங்கணம் கீழ்முனை, மறுபக்கத்தது மேல்முனை. கீழ்முனையை ஒட்டி முன்வாசலும் பின்வாசலும் நேருக்கு நேர் இருக்கும், நடுவே ஊடுவழி. அந்த வழியிலிருந்து பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவுகள்: ஒன்று ரொட்டி, உலர்ந்த சாமான்கள் வைக்கும் அறைக்கு, ஒன்று பீர், பால் வைக்கும் அறைக்கு. மேல்முனையில் வீட்டுக்காரர் சாப்பிட மேசையும் சுவரை ஒட்டிய பெஞ்சும். அதற்கு அப்பால் கீழே ஓர் அறை, மேலே படுக்கையறை. இரு கோடிகளிலும் மாடி தெருப்பக்கம் முன்தள்ளி நிற்கும். கூடத்துக்கு மாடி இல்லாததால் நடுப்பகுதி உள்வாங்கித் தெரியும். ஆனால் மேலே கூரை விளிம்பு ஒரே நேர்கோடு. உள்வாங்கிய இடத்தில் சுவரை விட்டு வெளியே அந்தரத்தில் ஓடும் அந்த மேல்சட்டத்தை இரு பக்கமும் வளைந்த முட்டுகள் தாங்கும். செங்கல் முகப்பு போட்டு மறைத்த வீட்டில்கூட மேலே அந்த வளைந்த முட்டு ஒன்று தலைகாட்டினால் உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துவிடும்.

சட்டக்கூட்டில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: தூணின் தலை. தூண்களைத் தலைகீழாக நட்டிருப்பார்கள். மரத்தின் அடிப்பாகம் வேர்ப்பக்கம் விரியும் அல்லவா? அந்த விரிவு மேலே வருமாறு. காரணம், மேலே மூன்று மரங்கள் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. தூணின் உச்சியில் ஒரு கழுந்து (துளைக்குள் பொருந்தும் நாக்கு), சுவரின் நீளத்துக்கு ஓடும் மேல்சட்டத்துக்குள் போகும். விரிந்த பகுதியிலிருந்து இன்னொரு கழுந்து, வீட்டின் குறுக்கே போகும் விட்டத்துக்குள் ஏறும். விட்டமோ, புறாவின் வால்போல் விரிந்த புறாவால் வெட்டில் மேல்சட்டத்தின் மேல் படிந்து அதை வெளியே சாயவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஆணி கிடையாது. ஓக் முளைகள்தான். அதிலும் ஒரு சூட்சுமம்: கழுந்திலுள்ள துளையைத் துளைச்சட்டத்தின் துளையோடு நேராகப் போடாமல் 2-3 மி.மீ. தோள்பக்கம் (கழுந்தின் அடிப்பக்கம்) தள்ளிப் போடுவார்கள். முளையை அடிக்கும்போது இணைப்பு தானாக இழுத்து இறுகும்.

பழுது தொடங்குவதும் இங்கேதான். வெட்டிய ஈரம் காயாத ஓக்கிலேயே வீடு கட்டுவார்கள், ஏனென்றால் காய்ந்த ஓக்கில் உளி இறங்காது. கட்டிய பிறகு மரம் சட்டத்திலேயே காயும். 200 மி.மீ. அகலச் சட்டம் 10 மி.மீ.க்குக் குறையாமல் சுருங்கக்கூடும், ஆனால் நீளத்தில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். புறாவாலின் அகலம் சுருங்கினால் பிடி தளரும். மேல்சட்டம் கூரையின் உந்துதலில் வெளியே நகரும். சுவர் தலைப்பகுதியில் வெளியே சாய்ந்திருப்பதைப் பார்த்ததும் வீடு இடிந்துவிடும் என்று பதற வேண்டாம். அந்த நகர்வு பெரும்பாலும் முதல் சில பத்தாண்டுகளிலேயே முடிந்திருக்கும். விரிசலில் பழைய தூசியும் வெள்ளைப் பூச்சும் இறங்கியிருந்தால் பழசு. மரத்தின் நிறம் உள்ளே வெளிறிப் புதிதாக இருந்தால்தான் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

தச்சர் போட்ட எண்களையும் தேடுங்கள். சட்டங்களைத் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, மறுபடி கழற்றி, மனையில் நிறுத்துவதற்காகப் போட்ட ரோமன் எண்கள் அவை. உளியாலோ கீறு கத்தியாலோ வெட்டியிருக்கும். நாலு என்பதை நாலு கோடாகவே போடுவார்கள், ஏனென்றால் மரத்தை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் குழம்பக் கூடாது. எண்கள் வரிசையாக வந்து ஒன்று விடுபட்டால் ஓர் அங்கணம் இடிக்கப்பட்டிருக்கிறது, அல்லது அந்தச் சட்டம் வேறு இடத்திலிருந்து வந்திருக்கிறது.

வெறுமையான துளைகள் இன்னும் நிறையச் சொல்லும். மேல்சட்டத்தின் அடிப்பக்கத்தில் சாய்சதுரக் குழிகள் வரிசையாக இருந்தால் அங்கே கண்ணாடி இல்லாத பழைய சன்னல் இருந்தது. சதுரக் கம்பங்களை முனை முன்னால் வரும்படி நிறுத்தியதன் தடயம். பக்கத்தில் நீளமான காடி ஓடினால் அதில் மரக்கதவு வழுக்கி மூடியது. ஒரு உத்திரத்தின் அடியில் வட்டத் துளைகள் சம இடைவெளியில் இருந்து, அதற்கு நேர் கீழேயுள்ள சட்டத்தின் மேல் ஒரே நீளக் காடி இருந்தால் அது குச்சிகளைப் பின்னி மண் அப்பிய படல் சுவர் நின்ற இடம். ஒரு சுவரை எடுத்துவிட்டு இரண்டு அறையை ஒன்றாக்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் இந்தத் துளைகளை வரைபடத்தில் குறித்துக்கொள்ளட்டும். அறை பழையதா, எவரோ 1950-களில் அட்டை வைத்துத் தடுத்ததா என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

16-ஆம் நூற்றாண்டில் எல்லாம் மாறியது. திறந்த கூடத்துக்கு நடுவில் மாடித்தளம் போட்டார்கள், செங்கல் புகைபோக்கியை உள்ளே சொருகினார்கள். பல வீடுகளில் அது ஊடுவழியை அடைத்துக்கொண்டு நிற்கும், அதனால்தான் முன்வாசலைத் திறந்தால் நேரே செங்கல் சுவர். கூடத்தில் இன்று தலை இடிக்கும் உத்திரம் இந்தக் கட்டத்தில் வந்தது. பிரகாசமாக எரியும் அடுப்பு வைக்க ஆசைப்படுகிறவர்கள் இந்தப் புகைபோக்கியை நம்பி விறகு அடுப்பைப் பொருத்திவிட வேண்டாம். பழைய சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடங்களில் புகைப்பாதைக்கும் மர உத்திரத்துக்கும் நடுவே ஒரு செங்கல் பருமன் தான் இருக்கும். சில இடங்களில் உத்திரத்தின் நுனியே புகைப்பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் கேமரா இறக்கிப் பார்ப்பது, பிறகு உள்குழாய் போடுவது, பிறகுதான் நெருப்பு.

இனி தண்ணீர். ஐந்நூறு வருஷம் நின்ற வீடு ஐம்பது வருஷத்தில் மட்கிப்போனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் சிமெண்ட்தான். இந்தச் சுவர் நனையும்படிதான் கட்டப்பட்டது. நனைந்தது காய்ந்துவிடும், அவ்வளவுதான் அதன் சூத்திரம். மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சி வெயிலும் காற்றும் பட்டதும் விட்டுவிடும். மரச்சட்டமோ பருவத்துக்கு ஏற்பக் கொஞ்சம் விரிந்து சுருங்கும். அதன் நடுவே விறைப்பான சிமெண்ட்டை அப்பினால் இரண்டுக்கும் இடையில் முடி அளவு இடுக்கு விழும். மழை அந்த இடுக்கில் இறங்கும், வெளியே வர வழி இருக்காது. அடிச்சட்டத்தின் துளைக்குள் தேங்கிக் கழுந்தை அழுகவைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருக்கும், கத்தியால் குத்தினால் கைப்பிடிவரை போகும். இடுக்கைச் சிலிகான் வைத்து அடைப்பதும் இதே கதைதான். தார் கலந்த கறுப்புப் பெயிண்ட்டும் அப்படியே. கறுப்பும் வெள்ளையுமாக வீட்டைத் தீட்டுவது பெரும்பாலும் விக்டோரியா காலத்து ஆசை. பழைய ஓக்கை வெறுமனே விட்டார்கள், வெள்ளி நிறமாகும். அல்லது சட்டம், சுவர் இரண்டின் மேலும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்தார்கள்.

ஈரமானியைச் சுவரில் குத்தி, சிவப்பு விளக்கு எரிந்ததும் சுவருக்குள் ரசாயனம் ஏற்ற வேண்டும் என்று விலைப்பட்டியல் நீட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் கருவி அளப்பது மின்கடத்தலை. பழைய காரையில் உப்பு இருந்தாலும் அதே அளவு காட்டும். மரத்தில் அது ஓரளவு நம்பத்தக்கது: 20 சதவிகிதத்தைத் தாண்டி நின்றால் பூசணத்துக்கு வழி. சுவருக்கு ரசாயனம் ஏற்றும் முன் வெளியே போய்ப் பாருங்கள். பல தலைமுறையாகப் பூச்செடிப் பாத்தி, சரளை, காங்கிரீட் நடைபாதை என்று தரைமட்டம் ஏறி, அடிச்சட்டம் மண்ணுக்குள் புதைந்திருக்கும். சட்டத்துக்குக் கீழே கல் அடித்தளம் குறைந்தது 150 மி.மீ. தெரிய வேண்டும். மண்ணைத் தோண்டி இறக்குவதும், ஒழுகும் மழைநீர்க் குழாயைச் சரிசெய்வதும் பாதி வீடுகளுக்குப் போதும். தோண்டும்போது ஒரே நாளில் சுவர் நெடுகத் தோண்டிவிடாதீர்கள். பழைய அடித்தளம் ஒரு சாண் ஆழம்கூட இருக்காது.

அடிச்சட்டமே மட்கியிருந்தால் வரிசை இப்படி. முதலில் கூரான ஊசியால் குத்திக் குத்தி நல்ல மரம் எங்கே தொடங்குகிறது என்று சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். வெளிவிளிம்பிலுள்ள வெளிர்மரம் மாவாக உதிர்ந்தாலும் உள்ளே வைரம் பாய்ந்த நடுமரம் கல் மாதிரி இருக்கும். உதிர்வதைப் பார்த்துச் சட்டம் முழுவதையும் தூக்கி எறிகிற தப்பு அடிக்கடி நடக்கிறது. பிறகு தூணுக்கு இருபுறமும் முட்டு கொடுத்துப் பாரத்தை வாங்க வேண்டும். வாங்கினால் போதும், தூக்கக் கூடாது. சாய்ந்த வீட்டை நேராக்கும் ஆசையில் ஜாக்கியைத் திருகினால் ஐந்நூறு வருஷமாகப் படிந்த இணைப்புகள் எல்லாம் மேலே ஒவ்வொன்றாக வாய் பிளக்கும்.

தூணின் அடி மட்கியிருந்தால் அந்த அளவை மட்டும் வெட்டிப் புது ஓக்கை ஒட்டுப்போட வேண்டும். ஒட்டின் நீளம் தூண் பருமனைப்போல் மூன்று மடங்காவது: 200 மி.மீ. தூணுக்கு 600 மி.மீ. சாய்வு வெட்டின் வெளிவிளிம்பு கீழ்நோக்கி வரட்டும், தண்ணீர் வெளியே ஓடும். உள்நோக்கி வெட்டினால் ஒட்டு ஒரு கிண்ணமாகிவிடும். புது மரம் எவ்வளவு காய்ந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓக் வருஷத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலக் கனம்தான் காயும், ஆறு அங்குலச் சட்டம் உண்மையாகக் காய்ந்து கிடைப்பது அபூர்வம். ஈரமரத்தைப் போட்டால் அது சுருங்கும் பக்கம் எது என்று பார்த்துக் கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். போல்ட் தேவைப்பட்டால் துருப்பிடிக்காத எஃகு மட்டும். ஓக்கிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் சாதாரண இரும்பை அரித்து, மரத்தையும் நீலக்கறுப்பாக்கிவிடும். அடிச்சட்டத்தில் வெட்டும் ஒவ்வொரு துளைக்கும் அடியில் சின்ன வடிதுளை ஒன்று போட்டுவிடுங்கள். பத்து நிமிஷ வேலை. பழைய தச்சர்கள் எல்லாரும் செய்யவில்லை, செய்திருந்தால் பாதிப் பழுது வந்திருக்காது.

படல் சுவரைப் புதுப்பிப்பது கையால் செய்யத்தக்க வேலை. பிளந்த ஓக் குச்சியின் கூர்முனையை மேல்துளையில் செருகி, அடியைக் காடியில் வழுக்கி நிறுத்தி, அதன் ஊடே ஹேசல் என்ற புதர்மரத்தின் கம்புகளைக் கூடை முடைவதுபோலப் பின்ன வேண்டும். குளிர்காலத்தில் இலை இல்லாதபோது வெட்டிய கம்பு நல்லது. காய்ந்துபோன கம்பு வளைத்தால் ஒடியும். மண் அந்த இடத்து அடிமண்ணாகவே இருக்கட்டும், மேல்மண் உதவாது. களியும் மணலும் எவ்வளவு என்று தெரிய, ஒரு பாட்டிலில் மண்ணும் நீரும் விட்டுக் குலுக்கி ஒருநாள் வைத்தால் அடுக்கு அடுக்காகப் படியும். களி மிஞ்சினால் மணல் சேர்க்கணும். பழைய சுவரிலிருந்து உதிர்ந்த மண்ணைக் கொட்டிவிட வேண்டாம்: ஊறவைத்துப் புது வைக்கோலும் சாணமும் சேர்த்து மிதித்தால் முதல்தரம். வைக்கோலை ஒரு சாணுக்கும் குறைவாக நறுக்கிக்கொள்ளுங்கள். கலவை கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலுக்கிடையில் வழியக் கூடாது.

சுவருக்கு இரு பக்கமும் ஆளுக்கு ஒருவர் நின்று ஒரே நேரத்தில் அறைந்து அப்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அப்பினால் மறுபக்கம் பிதுங்கி விழும். காயும்போது சட்டத்தை ஒட்டி விளிம்பில் வெடிப்பு வரும், அது தவறு அல்ல. சில நாள் கழித்து நனைத்து அதே மண்ணால் திணித்துவிடலாம். நடுவில் பாளம் பாளமாக வெடித்தால் களி அதிகம், கலவையை மாற்றித் திரும்பச் செய்ய வேண்டியதுதான். இதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு: நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, கூரான மணல் 3 பங்கு, ஆட்டுமயிர் கலந்து, ஒரு பூச்சுக்கு 10 மி.மீ.க்கு மேல் போகாமல். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகும், அதற்கு ஈரம் வேண்டும். வெயிலில் ஒரே நாளில் காய்ந்தால் அது இறுகவில்லை, உலர்ந்திருக்கிறது. விரலால் தேய்த்தால் பொடியாக வரும். அதனால் ஈரச்சாக்கு தொங்கவிடுவது. 5 டிகிரிக்குக் கீழே போகும் மாதங்களில் வேலையே வேண்டாம். உறைபனி பட்டால் வசந்தத்தில் தோல் தோலாக உரியும். கடைசியாகச் சுண்ணாம்பு நீர், பால் பதத்தில், சுவரை நனைத்துவிட்டு நாலைந்து தடவை. அடிக்கும்போது கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். முதல் தடவையே வெள்ளையாகத் தெரிந்தால் கலவை கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

பூச்சிக்கு மருந்தடிக்க ஆள் வருமுன் துளையை அளந்து பாருங்கள். 1.5-2 மி.மீ. என்றால் சாதாரண மரவண்டு, வெளிர்மரத்தோடு நின்றுவிடும். 3 மி.மீ. என்றால் டெத்வாட்ச் வண்டு: பழைய ஈர ஓக்கைத் தேடிப்போகும், வசந்தத்தில் வெளியே வந்து மரத்தில் தலையை முட்டி டக்டக்கென்று ஒலி எழுப்பும். புழு சட்டத்தின் நடுவில் பத்து வருஷம்வரை இருக்கலாம், மேலே தெளிக்கும் மருந்து அதுவரை போகாது. ஒழுகலை நிறுத்தி மரத்தைக் காயவிடுவதே மருந்து. பழைய துளையா, உயிருள்ளதா என்று தெரிய, மெல்லிய காகிதத்தைத் துளைகளின் மேல் இறுக்கமாக ஒட்டி ஒரு வசந்தம் விட்டுப் பாருங்கள். உள்ளே உயிர் இருந்தால் காகிதத்தில் ஓட்டை விழும்.

கூரை ஓடு பற்றி இரண்டு வார்த்தை. 1477இல் வந்த சட்டம் ஓட்டுக்கு 10½ × 6¼ அங்குலம், கனம் ⅝ அங்குலம் என்று அளவு விதித்தது. கென்ட்டின் கையால் செய்த ஓடு இன்றும் ஏறக்குறைய அதே அளவு. சதுர மீட்டருக்குச் சுமார் 60 ஓடு. பழைய கூரையில் பெரும்பாலும் ஓடு கெடுவதில்லை. அதைப் பிடித்திருக்கும் மரமுளையும் ரீப்பரும்தான் போகும். எனவே பிரித்து, தட்டிப் பார்த்து, மணிபோல் ஒலிப்பதை அடுக்கி வையுங்கள். கைமரங்களுக்கு நடுவே நுரை தெளித்துக் குளிர் தடுக்கச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள்: ஈரம் அடைபடும், மரத்தைப் பிறகு எவராலும் பரிசோதிக்க முடியாது, வீட்டின் வயதைச் சொல்லும் கரி நுரையோடு போய்விடும். ஆட்டுரோமம், மரநார்ப் பலகை போன்றவை காற்றாடும். வேலை தொடங்கும் முன் வௌவால் இருக்கிறதா என்று பாருங்கள். அவை சட்டப் பாதுகாப்பில் உள்ளவை, கூடு இருந்தால் காலத்தையே மாற்ற வேண்டிவரும்.

1700-க்கு முன் கட்டப்பட்டு, பெருமளவு மூல வடிவில் நிற்கும் கட்டடங்கள் பொதுவாகப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த வேலைக்கும் ஒப்புதல் வேண்டும், உள்ளே இருக்கும் கதவு, படிக்கட்டு, காரைக்கும்கூட. அனுமதியில்லாமல் செய்வது அபராதம் மட்டுமில்லை, குற்றம். முந்தைய சொந்தக்காரர் செய்ததைச் சரிசெய்யும் பொறுப்பும் வாங்கியவர் தலையில் விழலாம். வாங்குமுன் பழைய ஒப்புதல் தாள்களை வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். சந்தேகம் கேட்க, 1877இல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் இயங்குகிறது. பழையதைச் சுரண்டிப் புதுசாக்கும் மோகத்தை எதிர்த்தே அது பிறந்தது.

அந்த மோகம் இன்னும் போகவில்லை. அடுப்பு வாயின் மேலிருக்கும் பெரிய உத்திரத்தைக் கறையாக இருக்கிறதென்று மணல் வீசித் தேய்ப்பார்கள். தேய்க்கும் முன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கண்ணீர்த்துளி வடிவில் சுட்ட வடுக்கள் இருக்கலாம். மெழுகுதிரி தவறிப்போய் பட்டதல்ல; சுடரைச் சாய்த்துப் பிடித்து, வேண்டுமென்றே, தீயும் தீய சக்தியும் புகாமலிருக்கச் சுட்டவை. பக்கத்தில் காம்பஸால் கீறிய ஆறிதழ்ப் பூவும் இருக்கக்கூடும். கோடரி விழுந்த தடத்தோடு சேர்த்து, மணல் வீச்சில் இவை ஒரு மணி நேரத்தில் போய்விடும். மென்மையான தூரிகை, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர், உலர்ந்த துணி: அந்த உத்திரத்துக்கு அவ்வளவே வேண்டும்.